கதவுக்கு அப்பால் நீ சொன்ன தீவுகள்

வீட்டுக்குப் புது டி.வி. வந்திருக்கிறது. பெட்டியைப் பிரித்ததிலிருந்து கூடமெல்லாம் தெர்மோகோல் வாசனை. சுவரை அடைத்துக்கொண்டு நிற்கிறது. எந்த நாட்டுப் படத்தையும் இதில் பார்த்துக்கொள்ளலாமாம், கேபிள்காரர் தயவே வேண்டாமாம். நேற்றுக் காலை மகள் ஏதேதோ தட்டி இன்டர்நெட்டை இணைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போய்விட்டாள். நான் ரிமோட்டை வைத்துக்கொண்டு தெரிந்த பொத்தான், தெரியாத பொத்தான் எல்லாவற்றையும் அமுக்கிக்கொண்டிருந்தேன். படங்கள் வரிசையாக நகர்ந்து போயின. அதில் ஒன்றில், சின்னப் படகில், கையில் விளக்கோடு, நாம் அன்று பார்த்த பொம்மைப் படத்துப் பெண் நின்றிருந்தாள். உன்னையே தெருமுனையில் பார்த்துவிட்டது போல இருந்தது.

அவள் முடி நீலம் இல்லையடி. பழுப்பு.

இப்போது இதற்கு அனிமே என்று பெயர். மகள்தான் சொன்னாள். நமக்கு அது ஜப்பான் பொம்மைப் படம், அவ்வளவுதான். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த வருடம் அப்பாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது, அவர் தறியில் நான் உட்கார்ந்தேன். நீ அடுத்த தெருவில் உன் வீட்டில் அட்டை அடித்துக்கொண்டிருந்தாய். கட்டத்தாளில் வரைந்த மயிலைப் பார்த்துப் பார்த்து அட்டையில் ஓட்டை போட வேண்டும். அந்த அட்டைகளை வரிசையாகக் கோத்து, கடைசி அட்டையை முதல் அட்டையோடு கட்டி, மாலையாகத் தறிக்கு மேலே தொங்கவிட்டால் புடவைக் கரையில் மயில் வந்து உட்காரும். நீ அடித்த அட்டையில்தான் நான் நெய்தேன். நம் சிநேகிதமே அந்த மாலை வழியாக வந்ததுதான்.

சனிக்கிழமை சாயங்காலம் படம் போடுகிற நேரத்துக்கு நீ எங்கள் வீட்டுக்கு ஓடி வருவாய். உங்கள் வீட்டில் டி.வி. கிடையாது. எங்கள் வீட்டில் இருந்ததோ கறுப்பு வெள்ளையில் ஒரு குட்டிப் பெட்டி. அதற்கும் சொந்தமாகக் கேபிள் இல்லை. பக்கத்து வீட்டு அக்காவின் இணைப்பிலிருந்து மாடி வழியாக ஒரு ஒயர் இழுத்திருந்தோம். அக்கா தன் வீட்டு பூஸ்டரை அணைத்துவிட்டால் நம் டி.வி.யில் புள்ளி மழை கொட்டும். நீ சுவரோரம் போய், "அக்கா, அக்கா, ஜல்தியா பூஸ்டர போடுங்க, கப்பல் கெளம்பிகினு இருக்குது!" என்று கத்துவாய். அக்கா நல்லவர். கப்பல் யாருடையது என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

படம் ஹிந்தியில் பேசும். எனக்கு ஒரு வார்த்தை புரியாது. நீ ஹிந்தியில் முதல் பரீட்சை எழுதித் தேறியவள். ஜரிகைக் கடை பாய் பேசுகிற உருதும் உன் காதுக்குப் பழக்கம். அதை வைத்துக்கொண்டு நீ எனக்கு வரிக்கு வரி தமிழில் சொல்லுவாய். அந்தப் பெண் அம்மாவின் ஊரைத் தேடிப் போகிறாள், ஊர்ப் பெயர் தெரியாது, அம்மா விட்டுப் போன விளக்கு மட்டும் வழி சொல்லும், வாரம் ஒரு தீவு. நிறங்களையும் நீயே சொன்னாய். முடி நீலம், பாவாடை வாடாமல்லி, கடல் மயில் கழுத்து. "உனக்கு எப்பிடிடி தெரியும்?" என்று கேட்டேன். "சாம்பல்லயே நாலு தினுசு இருக்குது, நல்லா பாரு. இந்த சாம்பல் வேற எந்தக் கலரா இருக்க முடியும்?" என்று என்னையே மடக்கினாய். சாயப் பட்டறை வாசலிலேயே வளர்ந்தவள் சொல்கிறாள், நான் யார் மறுக்க?

வாரம் முழுவதும் தறியில் குறுக்கு நூல் ஓட்டும் நாடாவை எறிந்துகொண்டே அந்தக் கடலில்தான் இருந்தேன். அப்பா படுத்திருந்தார். கல்லூரி என்ற பேச்சு வீட்டில் மெல்ல நின்றுபோயிருந்தது. என் வயதுக்காரிகள் பஸ் ஏறி எங்கெங்கோ போய்க்கொண்டிருந்தார்கள். எனக்கு இருந்த ஒரே பயணம் அது. அவள் அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால் எனக்கும் ஏதோ ஒன்று சரியாகிவிடும் என்று மனதார நம்பினேன். வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று உன்னிடம் மட்டும் சொன்னேன். நீ சிரிக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை ஞாபகம் இருக்கிறதா? ஒரே பனி மூடிய தீவு. படிக்கட்டு ஏறிக்கொண்டே போகிறாள். உச்சியில் ஒரு வீடு. கதவைத் தட்டுகிறாள். கதவு திறக்கிறது, உள்ளேயிருந்து வெளிச்சம் வந்து அவள் முகத்தில் விழுகிறது. பிறகு வழக்கமாக ஓடுகிற ஜப்பான் எழுத்துகள். அடுத்த வாரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், முதல் தீவு! மறுபடி முதலிலிருந்து!

நான் அழுதேவிட்டேன். நீ உதட்டைக் கடித்துக்கொண்டு யோசித்தாய். "அட்டை கொறையுதுடி" என்றாய். "டிசைன் முடியறதுக்கு முன்னாலயே மொத அட்டை வந்துடுச்சினா இன்னா அர்த்தம்? நடுவுல அட்டை அறுந்து எங்கியோ வுழுந்து கெடக்குது." எனக்கு அது அத்தனை நியாயமாகப் பட்டது. பாதி மயிலோடு கரை திரும்பவும் தொடங்கினால் எந்த நெசவுக்காரியும் அட்டையைத்தானே தேடுவாள்?

தேடினோம். கேபிள்காரரை நடுத்தெருவில் நிறுத்தி, "பாதிக் கதையில நிறுத்திட்டீங்களே, மனசாட்சி இல்லியா உங்களுக்கு?" என்று நீ கேட்டதை நான் இன்னும் நினைத்துச் சிரிப்பேன். அந்த மனுஷன் சைக்கிளில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு, "நான் இன்னாம்மா பண்றது? அவன் போட்டா வருது, போடலன்னா வரல. இந்த பேஜார் எனக்கு எதுக்கு? ஜப்பான்காரனப் போயி கேளு" என்றார். அவர் எதையோ மறைக்கிறார் என்று நாம் முடிவு கட்டினோம். போகிற போக்கில் அவர் கண் மாடி ஒயர்மேல் பட்டு, அதை அறுத்துவிட்டுப் போனதுதான் மிச்சம். ஒரு மாதம் நமக்கு மழைகூட இல்லை, வெறும் இருட்டு.

பிறகு பஜாரில் ஒரு கடைக்காரர் சென்னையிலிருந்து சி.டி. வரவழைத்துத் தருவதாகச் சொன்னார். தீபாவளிக்குத் துணி வேண்டாம் என்று இரண்டு பேரும் வீட்டில் சொல்லிவிட்டு, அந்தக் காசில் அதை வாங்கினோம். உறையில் படகும் பெண்ணும் இருந்தார்கள். பிளேயர் முள்ளிப்பட்டில் உன் சித்தி வீட்டில்தான் இருந்தது. பஸ்ஸில் சி.டி.யை மடியில் வைத்துப் பிள்ளையைப் போலப் பிடித்துக்கொண்டு போனோம். போட்டால், ஒரு வெள்ளைத்தாடிக்காரர் சம்மணமிட்டு உட்கார்ந்து மூச்சை இழுத்து விடச் சொன்னார். யோகாசனம்! சித்தி மட்டும் மகிழ்ச்சியாகப் பாயை விரித்தார். "வாங்கினது வாங்கிட்டோம், மூச்சாவது உடலாம்" என்று நீயும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாய். துணி போனதுகூட எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அந்தக் கதவுக்குப் பின்னால் யார் இருந்தார்கள்?

பிரவுசிங் சென்டருக்கும் போனோம். படத்தின் பெயர்கூட நமக்குத் தெரியாது. ஜப்பான், பெண், படகு, விளக்கு என்று இங்கிலீஷில் தட்டினாய். விளக்கு விற்கிறவர்கள் எல்லாரும் வரிசையில் வந்து நின்றார்கள். கடைசியில் ஏதோ ஒரு வீடியோ அகப்பட்டது. வட்டம் சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. "டைம் ஆயிடுச்சிம்மா" என்றார் கடைக்காரர். அதன் பிறகு அங்கே போக நம்மிடம் காசில்லை.

அதற்குள் உனக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு அம்பத்தூரில் கம்பெனி வேலை. நீ பஸ் ஏறிய அன்று எனக்கு இரண்டு கதையும் சேர்ந்து பாதியில் நின்றது போல இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டு அக்கா சுவரோரம் வந்து, "உனுக்கு மெட்ராஸ்லேர்ந்து போன் வந்துகினு இருக்குது, ஓடியா" என்றார். ஓடினேன். நீ மூச்சு வாங்கப் பேசினாய். "கெடைச்சிடுச்சிடி! முழு செட்டும் இங்க ஒரு கடையில கெடைச்சிடுச்சி. வாரம் ஒண்ணு பாத்துட்டு உனக்குச் சொல்றேன்."

சொன்னாய். ஞாயிறுதோறும் ஒரு தீவு. கதவைத் திறந்தவள் அம்மா இல்லை, நூல் சுற்றிக்கொண்டிருந்த ஒரு கிழவி. அவள் கையைக் காட்டிய திசையில் படகு மறுபடி கிளம்பியது. யாரும் வாய் திறந்து பேசாமல் கையைத் தட்டியே பேசிக்கொள்ளும் தீவு. மழை தரையிலிருந்து மேலே பெய்யும் தீவு. வீட்டுப் பெரியவர்கள் தூங்கும்வரை விருந்தாளிகள் விளக்கேற்றக் கூடாது என்ற தீவு. அங்கே அவள் சமையற்கட்டு ஓரமாக உட்கார்ந்து, விளக்கை முந்தானைக்குள் மறைத்துவைத்து, அதன் சூட்டை மட்டும் வயிற்றில் உணர்ந்துகொண்டிருந்தாள் என்று சொன்னபோது உன் குரல் இறங்கியது. "ஜப்பான்ல முந்தானையாடி?" என்று கேட்டேன். "அவங்களும் பட்டு கட்றவங்கதானே" என்றாய். எனக்கு அது போதுமானதாக இருந்தது. வாரம் முழுக்க அந்தத் தீவிலேயே நெய்தேன். அப்பாவுக்கும் சொன்னேன். அவர் படுத்தபடியே, "அப்புறம்?" என்றார்.

கடைசி ஞாயிறு, நடுக்கடலில் விளக்கில் எண்ணெய் தீர்ந்துவிட்டது. சுற்றிலும் இருட்டு. அப்போது தூரத்தில் அவளுக்கு ஏதோ சத்தம் கேட்டது. "இன்னா சத்தம்?" என்றேன். "அடுத்த வாரம்" என்று சிரித்தாய். அந்த வாரம் உனக்குக் காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அடுத்த ஞாயிறு போன் வந்தது. அக்கா என்னை ஓடி வரச் சொல்லவில்லை, தானே எங்கள் வீட்டுக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

இத்தனை வருடமாக அந்த சி.டி. எங்கோ இருக்கிறது என்றே நம்பியிருந்தேன். என்றாவது கிடைக்கும், பார்த்துவிடலாம் என்று இருந்தேன். நேற்று டி.வி.யில் முதலிலிருந்து கடைசிவரை எல்லாத் தீவுகளும் இருந்தன. ஒன்றைக்கூடப் பார்க்காமல் நேராகக் கடைசிக்குப் போனேன். பனி, படிக்கட்டு, வீடு. கதவைத் தட்டினாள். திறந்தது. வெளிச்சம் விழுந்தது. அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. ஜப்பான்காரன் அங்கேயே முடித்துவிட்டிருக்கிறான். அட்டை எதுவும் அறுந்து விழவில்லை. அந்தக் கேபிள்காரர் நிஜத்தைத்தான் சொல்லியிருக்கிறார், பாவம்.

முதலில் உன்மேல் கோபம் வந்தது, அப்படியே அழுகையாக மாறியது. கிழவி இல்லை, கைதட்டும் தீவு இல்லை, மேலே பெய்யும் மழை இல்லை. எல்லாம் நீ. துணி துவைத்துக்கொண்டும் அரிசி களைந்துகொண்டும் வாரம் முழுக்க எனக்காக ஒரு தீவை யோசித்திருக்கிறாய். விளக்கை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளும் நீதான் என்பது நேற்றுத்தான் எனக்கு உறைத்தது. "எப்பிடிடி இருக்க?" என்று கேட்டால் "நல்லா இருக்கேன்" என்பாய். மற்றதையெல்லாம் தீவுகளாகச் சொல்லியிருக்கிறாய். உன்னை இப்போது கட்டிக்கொள்ள வேண்டும் போல இருக்கிறது, முடியவில்லையே என்று இருக்கிறது.

சாயங்காலம் தறியில் உட்கார்ந்தேன். கால் மிதிக்க, கை எறிய, நினைப்பெல்லாம் அங்கேயே இருந்தது. படம் எடுத்தவனுக்கே தெரியாத இடத்தில் அவள் நின்றுகொண்டிருக்கிறாள். எண்ணெய் இல்லாத விளக்கோடு, நடுக்கடலில், நீ விட்டுப் போன நாளிலிருந்து. அவள் அங்கே இருப்பது இந்த உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். நான் சொல்லாவிட்டால் அவளைக் கரை சேர்க்க யாரும் இல்லை.

அதனால் சொல்கிறேன், கேள். அவள் துடுப்பை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தாள். தடக், தடக் என்று வந்தது சத்தம். தறிச் சத்தம். அவள் அதைப் பிடித்துக்கொண்டே படகை வலித்தாள். கரை தட்டியது. தெருவில் ஒரே ஒரு வீட்டில் மட்டும் தறி ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் போய் நின்றாள். ஈரப் பாவாடை வாடாமல்லி, முடி நீலம். தறியில் இருந்தவள் நாடாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தாள். கோபமெல்லாம் இல்லை. கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

"உள்ள வாடி. இவ்ளோ நாளா எங்கடி பூட்ட?"