பட்ஜெட்டில் என் லீவு

அன்புள்ள அப்பாவுக்கு உர்சுலா எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? நான் நலம், கோபம்தான் அடங்கவில்லை. போனில் சொன்னால் உங்கள் காதுக்கு எட்டும்படி கத்த வேண்டும். இன்று ஆபீசில் கத்தியதே போதும்.

பண்டமாரானில் ஒரு லோரிக் கம்பெனிக்கு மென்பொருள் செய்கிறோம். இந்தத் தொழிலில் பழைய முறையில் வேலையும் பணமும் முதலிலேயே முடிவாகிவிடும். புது முறையில் வேலை மாற மாறப் பட்ஜெட்டும் மாறும். எங்கள் பாஸ் கமலநாதன் இரண்டிலும் தனக்கு வசதியானதை மட்டும் பிடித்துக்கொண்டார். வாராவாரம் வேலை கூடுகிறது. கூட ஆள் கேட்டால், "பட்ஜெட் போட்டாச்சு, மாத்த முடியாது லா" என்கிறார். கடைசியில் என் கிறிஸ்மஸ் லீவிலேயே கை வைத்தார். "அது பட்ஜெட்ல இல்லையே, உர்சுலா."

அடுத்த கட்டப் பட்ஜெட்டை எழுதுவது நான்தானே? "உர்சுலா லீவு, ஒரு வாரம்" என்று அதிலேயே போட்டேன். படிக்காமலே கையெழுத்துப் போட்டார். லோரிக் கம்பெனிக்காரர்களும் ஒப்புக்கொண்டார்கள். இன்றுதான் பார்த்துவிட்டுக் குதித்தார். "பட்ஜெட் போட்டாச்சு பாஸ், மாத்த முடியாது!" என்று நானும் கத்தினேன்.

கிறிஸ்மஸுக்கு வீட்டுக்கு வர பஸ் டிக்கெட் எடுத்துவிட்டேன். இங்கே ஒரு ஆளுக்குச் சோறாக்கி எனக்கு அலுத்துவிட்டது, பெரிய பானையை இறக்கி வையுங்கள். பாஸ் மறுபடியும் கூப்பிடுகிறார். கூப்பிடட்டும், கத்த இன்னும் தெம்பிருக்கிறது.

உங்கள் மகள்,
உர்சுலா