சாத்தூர்க்காரிக்கு ஒரு பேர் இருந்தது

மதினி,

இன்று தபாலில் ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. புது மையின் வாசனை இன்னும் போகவில்லை. மணமகளின் பேருக்குப் பின்னால் அவள் படித்த படிப்பெல்லாம் வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். மாப்பிள்ளைக்கு ஒரே ஒரு பட்டம்தான். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. எனக்குத்தான் உங்கள் பத்திரிகை நினைவுக்கு வந்தது.

உங்கள் பத்திரிகையை எங்கள் அச்சகத்தில் நானேதான் டைப் செய்தேன். அண்ணன் பிளஸ் டூ, நீங்கள் ஆங்கிலத்தில் எம்.ஏ. "ரெண்டு பேருக்குமே படிப்பு வேண்டாம்த்தா, எடுத்துரு" என்றார் பெரியப்பா. எடுத்துவிட்டேன். சாத்தூரிலிருந்து சிவகாசிக்கு நீங்கள் வந்தபோது படிப்பு போனதோடு பேரும் போனது. எங்கள் தெருவுக்கு வந்த மருமகள்களுக்கெல்லாம் ஊர்தான் பேர். நீங்கள் சாத்தூர்க்காரி ஆனீர்கள். ஆனைக்குட்டத்துக்காரி உங்களுக்குக் கூட்டாளி ஆனாள்.

ஆனாலும் நீங்கள் எம்.பில். படிப்பை விடவில்லை. அண்ணனிடம் கல்யாணத்துக்கு முன்பே பேசி வாங்கிய ஒரே வாக்கு அது. விருதுநகர்க் கல்லூரிக்குப் பஸ் ஏறிப் போய் வந்து, மத்தியானம் தெருப் பெண்களோடு உட்கார்ந்து வெடிக்குக் காகிதக் குழாய் சுருட்டுவீர்கள். ஆய்வுக்கு நீங்கள் எடுத்தது அயர்லாந்துப் பெண்கள் எழுதிய கவிதைகள். எந்தத் தேசத்துக்காரிகளோ, எதற்கு நமக்கு என்று நான் கேட்டேன்.

"வாசிச்சுப் பாருங்க. துணி துவைக்கிறத எழுதுறாக, மாவு பிசையிறத எழுதுறாக. பேரு தெரியாமச் செத்துப்போன பொம்பளைகளத் தேடித் தேடி எழுதுறாக. நம்ம தெருவத்தான் எழுதியிருக்காக" என்றீர்கள்.

குழாய் சுருட்டும்போது அவற்றைத் தமிழில் சொல்லுவீர்கள். ஒரு கவிதையில் ஒருத்தி கணப்படுப்பின் பக்கத்தில் உட்கார்ந்து துணி தைப்பாள். நீங்கள் பாதி சொல்வதற்குள் அம்மாவின் கை நின்றுவிட்டது.

"அடுப்புகிட்ட உக்காந்தா வேலை பாக்கா?"

"அங்கன குளிரு அத்தை. தீ இல்லன்னா விறைச்சிருவாக."

"அதுக்காக? மடியில துணிய வச்சுக்கிட்டு? அந்தப் பிள்ளையத் தள்ளி உக்காரச் சொல்லுத்தா."

எல்லோரும் சிரித்தார்கள், அம்மாவைத் தவிர. வெடிக்குப் பயந்து சமையலுக்குக்கூட அடுப்பைக் கொல்லைக் கடைசியில் வைத்திருந்த வீடு எங்களுடையது. மறுநாள் காப்பி குடிக்கும்போதும் அம்மா விடவில்லை. "அந்த அயர்லாந்துக்காரி தள்ளி உக்காந்தாளா இல்லையா?" என்று கேட்டாள்.

"அவளுக்குப் பேரு இருக்கு அத்தை."

"இருக்கட்டும். இங்கன யாருக்குத்தான் பேரு இல்ல?"

சாயங்காலம் என்னிடம் வந்து, "நான் அந்தக் கவிதைய இதம்னு வாசிச்சேன், அத்தை பயம்னு வாசிச்சுட்டாக. இதையும் எழுதப்போறேன்" என்றீர்கள். முகமெல்லாம் அப்படி ஒரு சந்தோஷம். ஆய்வை நான்தான் டைப் செய்து தருவதாகப் பேச்சு. "மொதப் பக்கத்துல எம் பேர நல்லாப் பெரிசாப் போடணும்" என்றீர்கள். நீங்கள் ஆசைப்பட்டு வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான்.

முதல் பக்கம் வரைக்கும் நாம் போகவில்லை. தீபாவளி சீசன் உச்சத்தில் உங்களுக்குக் காய்ச்சல் வந்தது. வெக்கைக் காய்ச்சல் என்றார்கள். மாத்திரையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து குழாய் சுருட்டினீர்கள். "வெடி லோடு போகட்டும், பெறகு பாப்போம்" என்று அண்ணன் சொன்னான், நீங்களும் சொன்னீர்கள். மதுரைக்குக் கொண்டுபோனபோது நேரம் கடந்துவிட்டது. ஊருக்கெல்லாம் வெளிச்சம் செய்து அனுப்பும் இந்த ஊரின் மேல் அன்றைக்கு வந்த ஆத்திரம் எனக்கு இன்னும் தீரவில்லை.

கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்க வேண்டும் என்றார்கள். பெரியப்பா சொல்லச் சொல்ல நான் டைப் செய்தேன். அண்ணன் பேர், அப்பா பேர், கம்பெனி பேர், 'அவர்களின் மனைவி' என்று போனது. முடித்துவிட்டு எல்லாவற்றையும் சின்ன எழுத்தாக்கிக் கீழே தள்ளினேன். உங்கள் பேரை மட்டும் தாளின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை போட்டேன். பின்னால் எம்.ஏ. என்றும் போட்டேன். பெரியப்பா பார்த்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

விடிந்ததும் தெருமுனையில் ஒட்டினார்கள். ஆனைக்குட்டத்துக்காரி தண்ணீர்க் குடத்தோடு நின்று எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு என்னிடம் கேட்டாள்.

"யாரு இது, படிச்ச பிள்ளை போலிருக்கே? எந்தத் தெரு?"

தினமும் உங்கள் தோளை இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள். முந்தின நாள் முழுக்க உங்கள் தலைமாட்டில் அழுதவள். "நம்ம சாத்தூர்க்காரிதான் சித்தி" என்றேன். குடத்தை அங்கேயே இறக்கி வைத்துவிட்டு அவள் அந்தப் பேரை இன்னொரு தடவை முதலிலிருந்து எழுத்துக்கூட்டினாள்.

இப்போது எனக்குக் கல்யாணமாகி ராஜபாளையத்தில் இருக்கிறேன். நான் சிவகாசிக்காரி. எங்கள் தெருவுக்கு எந்த மருமகள் புதிதாக வந்தாலும் முதலில் போய்ப் பேர் கேட்கிறேன். "பேரெதுக்குக்கா, சங்கரன்கோயில்காரின்னு சொல்லுங்க" என்பார்கள். சொல்ல வைக்காமல் நான் வாசலை விட்டு இறங்குவதில்லை. இந்தப் பைத்தியக்காரத்தனம் உங்களிடமிருந்து எனக்கு வந்த சொத்து.

இத்தனையும் பேசுகிறேன், மதினி, நீங்கள் இருந்தவரை நான் உங்களை ஒரு நாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அண்ணன் மனைவியைப் பேர் சொல்வது மரியாதை இல்லை என்று சொல்லி வளர்த்துவிட்டார்கள். மரியாதை கிடக்கட்டும். வீட்டில் இப்போது யாரும் இல்லை. சத்தமாகவே சொல்கிறேன்.

செண்பகவல்லி.