புதுசு காலையில், பழசு ரயிலில்

இன்று காலை கண் விழித்தபோது வீட்டுக்குள் தைல வாசனை. யாருக்குச் சளி என்று எழுந்து பார்த்தால், மகள் நெற்றி நிறைய அப்பிக்கொண்டு புத்தகத்தின் மேல் குனிந்திருந்தாள். தாராவியில் எங்கள் வீட்டின் விஸ்தீரணம் உனக்குத் தெரியும். ஒரு மூலையில் தைலக் குப்பியைத் திறந்தால் மறு மூலையில் இருப்பவனுக்கும் தலைவலி போய்விடும். எனக்கு மட்டும் இன்று தலைவலி வந்தது. அது நாம் ஒரே ஆபீஸில் இருந்த நாளில் உன் சட்டைக்குள்ளிருந்து வந்த வாசனை.

அவள் சி.ஏ. படிக்கிறாள். போன தடவை பரீட்சையின் முதல் பகுதி, அதாவது முதல் குரூப், கவிழ்ந்துவிட்டது. இந்தத் தடவை அதைத் திரும்ப எழுதுவதோடு, இதுவரை தொடாத இரண்டாவது குரூப்பையும் சேர்த்தே எழுதப் போகிறாளாம். "ரெண்டையும் ஒண்ணா எழுதினா, ஒண்ணுல குறையிற மார்க்க இன்னொண்ணு தூக்கி விட்டுரும்பா" என்று விளக்கினாள். நான் தலையாட்டினேன். பத்தாவது கணக்கையே இரண்டாம் தடவை எழுதித் தேறியவன் நான். தலையாட்டுவதற்கு மட்டும் பரீட்சை வைத்தால் முதல் வகுப்பு வாங்குவேன். ஆனால் இந்த விளக்கம் எனக்குப் புதிதில்லை. மாட்டுங்கா ஆபீஸ் படியில் டீ குடித்துக்கொண்டே நீ சொல்லி ஏற்கெனவே கேட்டதுதான்.

அந்த ஆடிட்டர் ஆபீஸில் நான் ஃபைல் சுமந்தேன், நீ கணக்கு எழுதினாய். உன் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்த பையன்களெல்லாம் சி.ஏ. முடித்து, கல்யாணம் முடித்து, காரில் வந்து இறங்கி உன்னைத் தோளில் தட்டிவிட்டுப் போனார்கள். நீ சிரித்தபடி அடுத்த பரீட்சைக்கு ஆயத்தமாவாய்.

"புதுசு காலையில, பழசு ரயில்ல. அதாம்ல நம்ம டைம்டேபிள்" என்பாய். புதிய பாடத்துக்குத் தெளிந்த மண்டை வேண்டும். தவறிய பாடம் ஏற்கெனவே தெரிந்ததுதானே, செம்பூரில் ஏறிக் குர்லாவில் மாறி மாட்டுங்கா வருவதற்குள் தொங்கிக்கொண்டே புரட்டிவிடலாம் என்பது உன் கட்சி. ஒரு தடவை பழைய புத்தகத்தையே நம்பிப் புரட்டிக்கொண்டிருந்துவிட்டு, நடுவில் வரிச் சட்டம் மாறியது தெரியாமல், செத்துப்போன சட்டத்தை முத்து முத்தான கையெழுத்தில் எழுதிவைத்துவிட்டு வந்தாய்.

"தெரிஞ்ச பாடந்தாம்ல காலை வாரும்" என்றாய்.

"அந்தப் பேப்பர மியூசியத்துக்கு அனுப்பச் சொல்லுல" என்றேன். அன்றைக்கு நாம் சிரித்த சிரிப்பில் முதலாளி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

பிறகு ஒரு நாள் அதே படியில் ஏறும்போது பாதியில் நின்றுவிட்டாய். சட்டைப் பொத்தானைக் கழற்றி நெஞ்சில் தைலத்தைத் தேய்த்தாய்.

"என்னல செய்யுது?"

"கேஸ் டிரபிளுதான். வேறொண்ணுமில்ல."

"டாக்டர்ட்ட காட்டிருவோம், வா."

"பரீட்ச முடியட்டும்."

"போன பரீட்சைக்கும் இதத்தான சொன்ன?"

"அது போன பரீட்சைல்லா."

ஆடுகிற பல், மாற்ற வேண்டிய கண்ணாடி, நான் மதினி என்று கூப்பிடும் உன் மனைவியை வேளாங்கண்ணிக்குக் கூட்டிப் போவதாகச் சொன்ன வார்த்தை, எல்லாமே பரீட்சைக்கு அந்தப் பக்கம் வரிசையில் நின்றன. நீ பரீட்சை எழுதி முடித்தாய். டாக்டரிடம் போகவில்லை. ஒரு சாயங்காலம் வண்டியில் அதிசயமாக உனக்கு ஜன்னலோர இடம் கிடைத்திருக்கிறது. தூங்குகிறாய் என்று நினைத்து, கூட வந்தவர்கள் எழுப்பாமல் விட்டுவிட்டார்கள்.

உன் டைம்டேபிளை மகளிடம் நான் சொன்னதே இல்லை. அவளாகவே அதைப் போட்டிருக்கிறாள். விடியலில் புதுப் பாடம், வேலைப் பயிற்சிக்குப் போகும் ரயிலில் பழைய பாடம். நேற்று ஸ்டேஷன் படியில் கண் இருட்டி உட்கார்ந்துவிட்டாளாம். அதையும் அவள் அம்மாவிடம் ஏதோ தமாஷ் போலச் சொல்லியிருக்கிறாள். சாயங்காலம் டாக்டரிடம் போகலாம் என்றேன். தலை நிமிரவில்லை.

"அரே அப்பா, டென்ஷன் எடுக்காதீங்க. எக்ஸாம் முடியட்டும்."

அவள் வயது வேறு, உன் வயது வேறு. கண் இருட்டுவதும் நெஞ்சு அடைப்பதும் ஒன்றல்ல. இந்த அளவு எனக்கும் தெரியும். தெரிந்து என்ன, அவள் சொன்ன வார்த்தை உன்னுடையதுதான்.

அதனால் அவளிடம் உன்னைப் பற்றிச் சொன்னேன், ஜன்னலோர இடம் வரைக்கும். பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். எழுந்து செருப்பை மாட்டிவிடுவாள் என்றுதான் நினைத்தேன்.

"அந்த அங்கிளும் ரெண்டையும் சேர்த்தா எழுதினாரு?"

"ஆமா."

"ரிசல்ட் என்னாச்சு?"

உனக்கே தெரியாத சங்கதி அது. நீ போன பிறகுதான் ரிசல்ட் வந்தது. ஆபீஸ் கம்ப்யூட்டரில் உன் நம்பரைத் தட்டிப் பார்த்தவன் நான்தான். இரண்டு குரூப்பும் பாஸ். அச்செடுத்த தாளோடு போய் மதினியிடம் சொன்னேன், அவள் அழவில்லை, அந்தத் தாளை என்னையே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டாள். நீ கையில் வாங்காத அந்த பாஸை அன்றிலிருந்து நான்தான் வைத்திருக்கிறேன். இன்று அதை என் மகள் கண்ணில் காட்டப் பயமாக இருக்கிறது.

"மறந்துபோச்சும்மா" என்றேன்.

என் முகத்தைப் பார்த்தாள். "பாஸாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு, பேனாவை எடுத்துக்கொண்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்.