பத்தொன்பது வருஷம் விழாதவன்

12 மார்ச் 1984, திங்கள்

பத்தொன்பது வருஷமாகச் சிங்கப்பூரில் சாரம் கட்டுகிறேன். விழாமல் இருப்பது எப்படி என்று எனக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டுமென்று கம்பெனிக்கு இன்றுதான் தோன்றியிருக்கிறது. வியாழன், வெள்ளி பயிற்சி. சர்டிபிகேட் இல்லாவிட்டால் அடுத்த மாதம் நான் ஃபோர்மேன் இல்லையாம். ஏர்கான் ரூம், சாப்பாடு இலவசம், சும்மா உட்கார்ந்துவிட்டு வா என்றார் மேனேஜர் டான். என்ன ஒரு தாராள மனசு!

வீட்டில் அல்போன்சம்மாளிடம் சொன்னேன். "அப்படியே கட்டில்லேருந்து உருளாம தூங்கறது எப்படின்னும் கேட்டுட்டு வாங்க" என்றாள். கட்டிய புருஷனுக்கு இந்த வீட்டில் அவ்வளவு மரியாதை.

15 மார்ச், வியாழன்

பயிற்சி கொடுக்க வந்தவர் பெயர் பாலகிருஷ்ணன். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, பளபளக்கும் ஷூ. இந்த ஷூ ஏறிய அதிகபட்ச உயரம் பஸ் படிக்கட்டாக இருக்கும். இடுப்பில் கட்டும் பாதுகாப்பு பெல்ட்டின் கொக்கியைத் தலைக்கு மேலே, அசையாத கம்பியில் மாட்ட வேண்டும் என்று மூன்று மணி நேரம் படம் போட்டார்.

"நாலு அடி நகந்தா கழட்டி மாட்டணும். அப்புறம் வேல எப்ப சார் செய்றது?" என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள், அவரைத் தவிர. "உங்க ஆளுங்க மாட்டுறாங்களா?" என்றார்.

"மாட்டாம இருப்பாங்களா லா!"

மாட்டுகிறார்கள்தான். பெல்ட்டிலிருந்து கயிற்றில் தொங்கும் கொக்கியை அதே பெல்ட்டின் வளையத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். கயிறு காலைத் தடுக்காது. கீழே நின்று அண்ணாந்து பார்க்கிற அதிகாரிக்குப் பெல்ட்டும் தெரியும், கயிறும் தெரியும், கொக்கியும் தெரியும். சந்தோஷமாகப் போய்விடுவார். கண்டுபிடித்தவன் நான். என் ஆட்கள் பதினான்கு பேருக்கும் நானே சொல்லிக்கொடுத்தது. இதற்கெல்லாம் யார் சர்டிபிகேட் தருகிறார்கள்?

16 மார்ச், வெள்ளி

பரீட்சை. இருபதுக்குப் பத்தொன்பது! தப்பாய்ப் போனது ஒன்றே ஒன்று: கீழே விழுந்தவனை உடனே தூக்க வேண்டுமா? ஆமாம் என்று எழுதினேன். கூடாதாம், முதுகெலும்பு கெட்டுப்போகுமாம். மனுஷத்தன்மைக்கு மார்க் கிடையாது போல.

26 மார்ச், திங்கள்

சர்டிபிகேட் வந்துவிட்டது. அல்போன்சம்மாள் அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, திரு இருதய ஆண்டவர் படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டாள். ஆண்டவரும் இனி என்னிடம் பார்த்துத்தான் பேச வேண்டும்.

நான் என் ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டுமாம். கொடுத்தேன். டீ ஆறுவதற்குள் முடிந்தது. பதினான்கு பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

4 ஏப்ரல், புதன்

மருதப்பன் விழுந்துட்டான்.

என் பதினாலு பேர்ல ஒருத்தன். தஞ்சோங் பகார் சைட்ல, மூணாவது மாடியிலேருந்து. மணல் குவியல்ல போய் விழுந்தான். உயிர் இருக்கு. பயலுக தூக்க ஓடினானுங்க. "தொடாதீங்கடா! யாரும் தொடக் கூடாது!"ன்னு கத்தினேன். என் குரல் மாதிரியே இல்ல.

பக்கத்துல குனிஞ்சு பார்த்தேன். கொக்கி மாட்டித்தான் இருந்துச்சு. அவன் பெல்ட்டுலயே. நான் சொல்லிக்குடுத்த மாதிரியே, சுத்தமா. ஐயோ.

5 ஏப்ரல், வியாழன்

இடுப்பெலும்பும் வலது காலும் முறிந்திருக்கின்றன. யாரும் தூக்காமல் விட்டது நல்லதாய்ப் போயிற்று, நடப்பான் என்றார் டாக்டர்.

மருதப்பன் கண் திறந்ததும் கேட்டது: "அண்ணே, என்னால உங்களுக்கு ஒண்ணும் பிரச்சன வராதுல்ல?" டாய்லெட்டுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதேன்.

6 ஏப்ரல், வெள்ளி

டான் அறிக்கையை டைப் அடித்தே வைத்திருந்தார். 'பயிற்சி பெற்ற தொழிலாளி, தன் கவனக்குறைவால் கொக்கியை மாட்டவில்லை.' கீழே எனக்காக ஒரு கோடு. நான் கையெழுத்துப் போட்டால் நான் ஃபோர்மேனாகவே இருப்பேன். மருதப்பனுக்கு வேலை பெர்மிட் ரத்து, கட்டுப் பிரித்த கையோடு ஊருக்கு விமான டிக்கெட். எவ்வளவு அக்கறையான கம்பெனி!

திங்கட்கிழமை வரை டைம் கேட்டேன். ராத்திரிச் சாப்பாட்டில் அல்போன்சம்மாளிடம் என்ன செய்யலாம் என்றேன். "தெரிஞ்சுக்கிட்டே ஏன் எங்கிட்ட கேக்கிறீங்க?" என்று ரசத்தை ஊற்றிவிட்டுப் போய்விட்டாள்.

9 ஏப்ரல், திங்கள்

கையெழுத்துப் போடவில்லை. விசாரிக்க வந்த அரசாங்க அதிகாரியிடம் நேராகப் போய், என் பெல்ட்டைக் கட்டி, கொக்கியை என் வளையத்திலேயே மாட்டிக் காட்டினேன். "இப்படித்தான் மாட்டியிருந்தான். சொல்லிக்கொடுத்தது நான்." எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் அதற்குப் போதுமாக இருந்தது. டான் சீலிங் ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

17 ஏப்ரல், செவ்வாய்

இன்றிலிருந்து நான் ஃபோர்மேன் இல்லை. வேலையைவிட்டே அனுப்பாதது டானின் பெருந்தன்மையாம். ஆமாம், ஆமாம், சாரம் கட்ட வேறு ஆள் கிடைக்கவில்லை.

மருதப்பனின் பெர்மிட்டை யாரும் தொடவில்லை. கால் சரியானதும் ஸ்டோரில் வேலை.

4 ஜூன், திங்கள்

ஐந்தாவது மாடி. தலைக்கு மேல் கம்பியில் கொக்கியை மாட்டி, இழுத்துப் பார்த்து, நாலு அடி நடந்து, கழற்றி, மறுபடி மாட்டினேன். காலையில் முடிய வேண்டிய வேலை மத்தியானத்துக்கு மேலும் இழுத்தது. எனக்குப் பின்னால் குழாயைத் தோளில் வைத்துக்கொண்டு காத்து நின்ற செல்லக்கண்ணுவுக்குப் பொறுமை போய்விட்டது.

"என்னண்ணே, இத்தன வருஷமாச்சு, இன்னுமா பயம் போகல?"

"இல்லடா," என்றேன். "இப்பத்தான் வந்திருக்கு."