சிவம் அண்ணை வித்த இஞ்சின்

செப்டம்பர் 14, ஞாயிறு

இண்டைக்குப் பின்னேரம் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ எண்ட ஊரிலை பழைய அமெரிக்கக் கார் வைச்சிருக்கிற நாங்கள் கூடினனாங்கள். சிவம் அண்ணை தன்ர 1969 சார்ஜர் காரிலை சத்தமே இல்லாமல் வந்து நிண்டார். பொனெட்டைத் திறந்தால் இஞ்சின் இருந்த இடத்திலை பற்றறிப் பெட்டியள்.

அந்த எட்டு சிலிண்டர் இஞ்சினை அவரும் நானும் ஆறு விண்டர் அவற்ற கராஜிலை குளிருக்குள்ளை நிண்டு கழட்டிப் பூட்டினனாங்கள்.

"இஞ்சின் எங்கையண்ணை?"

"வித்துப்போட்டன்."

"என்னட்டை ஒரு வார்த்தை கேட்டனீங்களே?" எல்லாருக்கும் முன்னாலை கத்திப்போட்டன்.

அவர் தன்ர இடக்காலைத் தட்டிக் காட்டினார். "இது இப்ப கிளச்சை அமத்துதில்லையடா. ஒரு வருசமாச்சு. பற்றறியெண்டால் கிளச் இல்லை, காரை நானே ஓடலாம்."

எனக்கு இன்னும் கோபம் ஏறிச்சுது. ஒரு வருசமா ஒவ்வொரு ஞாயிறும் என்னோடை கோப்பி குடிச்ச மனுசன் காலைப்பற்றி மூச்சே விடேல்லை. சொல்லியிருந்தால் அவருக்காக நான் காரை ஓடியிருப்பன். அவர் பக்கத்திலை இருந்து அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கலாம். அந்நியன் மாதிரி என்னை நடத்திப்போட்டார்.

"ஒருக்கா ஓடிப் பாரன்" எண்டு கார்த் திறப்பை நீட்டினார். நான் வாங்கேல்லை. அவர் நீட்டின கையை மடக்க முதலே திரும்பி நடந்திட்டன்.