புலி போயிருச்சு

க்யிம்யிண்டைங், பர்மா

அன்பு மகள் புஷ்பாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நல்ல சுகம், உங்கப்பா தலை மட்டும் மொட்டை. அங்கே ஆப்பிரிக்காவில் நீயும் உன் முழங்கையும் நீ ஊர் சுற்றுகிற சைக்கிளும் சுகமாக இருக்கக் காளியம்மன் துணை. எழுத்துக் கூட்டி மெதுவாகப் படி, நானும் அப்படித்தான் எழுதுகிறேன்.

மொட்டைக்குக் காரணம் நீதான். போன வாரம் பர்மாப் பேச்சை இங்கிலீஷ் எழுத்தில் தட்டி அனுப்பினாயே, கியா த்வாடே என்று, எனக்கு அந்த எழுத்து தெரியாது, பெரிய படிப்பாளி உங்கப்பாதான் கண்ணாடி போட்டுப் படித்தார். கியா என்றால் நமக்குப் புலிதானே, புலி போயிருச்சாம் என்றார். போனது சரி, எதைத் தின்னுட்டுப் போச்சு என்று நான் கத்தின கத்தில் நம்ம கடைக் கல்லில் கிடந்த தோசை கரிந்தது. கூப்பிட்டால் உன் போனுக்கு மணியே போகவில்லை. எதிர்க்கடை காஜா மைதீன் ஓடிவந்து, பதறாதீங்கக்கா, ஆப்பிரிக்காவுல புலியே கிடையாது, சிங்கந்தான் என்றார். நல்ல ஆறுதல். இரண்டு நாள் கடை திறக்கவில்லை, சோறு இறங்கவில்லை, அம்மன் முன்னால் விழுந்து உங்கப்பா முடியை நேர்ந்துகொண்டேன். ஒன் முடி என்ன ஆச்சு என்று கேட்கிறார். அவசரத்துக்கு வாயில் வந்ததைத்தானே நேர முடியும். மை பூசிப் பூசி வளர்த்த முடி, பாவம், உட்கார்ந்து கொடுத்துவிட்டார்.

மூன்றாம் நாள் நீ பேசிப் பதிந்து அனுப்பின குரல் போனில் வந்த பிறகுதான் புரிந்தது, நீ எழுதினது புலி இல்லை, விழுந்துட்டேன் என்று. கியாவை இழுத்துச் சொன்னால் புலி, வெட்டிச் சொன்னால் விழுவது, இங்கிலீஷ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிட்டது. யானைக்கும் அதன் குட்டிக்கும் வழிவிட்டு ஒதுங்கினவள் மணலில் சறுக்கினாயாம். ரோட்டோரத்து ஜாம்பியாக்காரி ஒருத்தி உன்னைத் தூக்கிப்போய், காயத்தைக் கழுவி, சோளக்களி கொடுத்து, தன் பாயில் படுக்க வைத்தாளாம். அவள் யார், நாம் யார். நேற்றுக் காலையில் புத்த மடத்துப் பொங்கிச் சாமிகள் பிச்சைப் பாத்திரத்தோடு வந்தபோது அவளுக்காகச் சோறு வைத்தேன். பேர் தெரியாததால், என் மகளைத் தூக்கின கை நல்லாயிருக்கட்டும் என்று சொல்லி வைத்தேன்.

போதும் வந்துவிடு என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அதற்கு முன்னால் உன் குரலை இன்னொரு தரம் கேட்டேன். முழங்கை வலியைச் சொல்லிக்கொண்டே வந்தவள், அந்த யானைக்குட்டி தாயின் காலுக்குள் ஒளிந்ததைச் சொல்லும்போது சிரித்தாய் பார், அப்படி நீ சிரித்து நான் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகிறது. அதனால் எழுதவில்லை. காயம் நன்றாக ஆறட்டும், அப்புறம் ஓட்டு. பொழுது சாயும் முன் ஏதாவது ஊருக்குள் போய்ச் சேர்ந்துவிடு, மறக்காதே. போகிற வழியெல்லாம் உனக்கு நல்ல மனுஷர்கள் கிடைக்க வேண்டும் என்று வாழ்த்தும்

உன் அம்மா
சாந்தகுமாரி