நிமிர்த்தி வைத்த எஞ்சின்

கராஜில் படகு எஞ்சினுக்குக் கியர் ஒயில் மாற்றிவிட்டு இப்போதுதான் உள்ளே வந்தேன். இரண்டு தரம் சவுக்காரம் போட்டும் கை மணக்கிறது. ஒக்டோபர் மாதங்களில் உங்கள் சேர்ட்டில் இருந்த அதே மணம். சோற்றில் கை வைக்கவிடாமல் உங்களை விரட்டியவள் நான். இன்று என்னை விரட்ட நீங்கள் இல்லை.

கனடாவுக்கு வந்து, லவாலில் அந்தப் பழைய படகை வாங்கிய முதல் வருடம் நினைவிருக்கிறதா? மன்னாரில் கடலால் வந்ததும் எஞ்சினை நல்ல தண்ணீரில் கழுவி, சாக்கு விரித்துப் படுக்க வைப்பது உங்கள் வழக்கம். இங்கேயும் அதையே செய்தீர்கள். உப்பே இல்லாத ஆற்றில் ஓடியதை இப்படிக் கழுவுகிறாரே என்று எனக்குச் சிரிப்பு. நான் பிரெஞ்சு வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்த காலம். எஞ்சினோடு வந்த புத்தகத்தைத் தட்டுத்தடுமாறி வாசித்து, "இஞ்சாருங்கோ, நிமித்தித்தான் வைக்கவேணுமாம். படுக்க வைச்சால் உள்ளுக்கை தண்ணி நிண்டு உறைஞ்சிடுமாம்" என்றேன்.

"இருவது வருசம் எஞ்சினோடை கடலுக்குப் போனனான். புத்தகமோ எனக்குப் படிப்பிக்கிறது?"

பனிக்காலம் முடிந்து ஏப்ரலில் சாக்கை விலக்கினால், கியர் இருக்கும் அடிக்கூட்டில் விரல் நீளத்துக்கு வெடிப்பு. அன்று நீங்கள் சாப்பிடவில்லை. ஊரில் எஞ்சின் பழுதென்றால் உங்களைத்தான் தேடி வருவார்கள். இங்கே தொழிற்சாலையில் பெட்டி அடுக்கிய உங்களுக்கு அந்தப் பெயர் ஒன்றுதான் மிச்சம். நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. நீங்களே ஞாயிறு பூசை முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போது, ஊர்க்காரர் எல்லோருக்கும் முன்னால் சொன்னீர்கள்: "பிழை என்ரை. இவ வாசிச்சுச் சொன்னவ, நான்தான் கேக்கேல்லை. நீங்களும் படுக்க வைச்சுப்போடாதேங்கோ."

அன்று எனக்கு வந்த பெருமையை உங்களிடம் ஒருநாளும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஒக்டோபரும் நான் வாசிப்பேன், நீங்கள் செய்வீர்கள். ஒரு வரி முடிந்ததும் "பேந்து?" என்று அடுத்ததைக் கேட்பீர்கள். எல்லாம் மனப்பாடமான பின்பும் கேட்டுத்தான் செய்தீர்கள்.

நீங்கள் போனபின் இதுதான் முதல் ஒக்டோபர். "வித்துப்போடுவம் அம்மா. உங்களாலை ஏலாது, திரும்ப வெடிச்சிடும்" என்றான் மகன். "ஏலும்" என்றேன். பயம் இல்லாமல் இல்லை. பழைய ஒயில் பால்போல வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது என்பீர்களே, அதனால் மூடியை மெல்ல மெல்லத்தான் கழற்றினேன். கறுப்பாகத்தான் வந்தது. பெற்றோலை வடித்தேன். நீங்கள் அடித்த மரச்சட்டத்தில் எஞ்சினை நிமிர்த்தி, ஸ்டார்ட் பண்ணும் கயிற்றை மெல்ல இழுத்து, கடைசிச் சொட்டுத் தண்ணீர் விழும்வரை பக்கத்திலேயே நின்றேன்.

ஒவ்வொரு வரியையும் சத்தமாக வாசித்துத்தான் செய்தேன். கடைசி வரி முடிந்ததும் என் வாயே "பேந்து?" என்று கேட்டது.

பேந்து, அந்த ஞாயிறு பூசை முடிந்து தேத்தண்ணி குடித்தவர்களில் இரண்டு பேர் தங்கள் எஞ்சின்களையும் பார்த்துத் தரும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். சனிக்கிழமை போகிறேன். புத்தகமும் உங்கள் ஸ்பானரும் ஒரே பையில் இருக்கின்றன.